ஐராவதியும் ஊருணியும்: நாடுகள் உயர்வதும் தாழ்வதும்

காரைக்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் எனக்கு நன்கு பழக்கமான ஒரு பெரிய வீடு இருக்கிறது. முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி வளவு, வளவின் இரு பக்கமும் எதிரும் புதிருமாகப் பத்து அறைகள். பர்மாத் தேக்கில் இழைத்த நிலைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு. சில பூட்டுகள் பித்தளை, கையகலம் இருக்கும், பழைய திண்டுக்கல் வேலை. சில அண்மையில் கடையில் வாங்கியவை. ஒன்றில் துரு ஏறிச் சாவித் துவாரமே அடைந்துபோயிருக்கிறது. அந்த அறைக்கு உரியவர்கள் இப்போது எங்கே என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சியைக் கேட்டேன். "மகன் அமெரிக்காவில் இருக்கிறான் என்று கேள்வி. முன்னோர் படைப்புக்கு வந்தே பத்து வருடம் ஆகிறது" என்றார்.

அந்த அறைகளை யாரும் அழகுக்காகக் கட்டவில்லை. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டில் மகனுக்குத் திருமணம் ஆனால் வளவில் அவனுக்கென்று ஓர் அறை உண்டு. சில காலம் கழித்து அவனை 'வேறு வைத்து'விடுவார்கள். வீட்டைவிட்டு வெளியே அனுப்புவதல்ல அது; ஒரே கூரைக்குள் தனி அடுப்பு, தனி வரவு செலவு. ஆகவே ஒரு வளவின் அறைகளை எண்ணினால், வீடு கட்டியவர் தன் வம்சத்தில் எத்தனை பேரை எதிர்பார்த்தார் என்பது தெரிந்துவிடும். பூட்டுகளை எண்ணினால் அந்த எதிர்பார்ப்பு என்ன ஆயிற்று என்பதும் தெரிந்துவிடும்.

தலையை எண்ணுவது இந்த ஊர்ப்பக்கத்துக்குப் பழகிய வேலை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தது. திருமணமான தம்பதி கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி'. வரி புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். எத்தனை புள்ளி என்று கேட்டால் சமூகத்தின் அளவு, வலு, வருங்காலம் மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

ஒரு நாடு ஏன் உயர்கிறது, ஏன் தாழ்கிறது என்ற கேள்விக்கு மன்னனின் வீரம், தலைவனின் குணம், மக்களின் ஒழுக்கம் என்று விடை சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அந்த விடைகளில் நிறைவு இல்லை. நிலம் எப்படிப்பட்டது, அதில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் உழைக்கும் வயதில் இருக்கிறார்கள் என்பதைக் கேட்காமல் மற்றதைப் பேசுவது, ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கைப் பார்க்காமல் கடையை விலை பேசுவதைப் போன்றது. காரைக்குடியைச் சுற்றியிருக்கும் இந்தச் செட்டிநாடு ஒருநாளும் தனி நாடாக இருந்ததில்லை. அதற்குப் படை இல்லை, நாணயம் இல்லை. நிர்வாகத்தில் அது ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலும் புதுக்கோட்டை சமஸ்தானத்திலுமாகப் பிரிந்து கிடந்தது. ஆனாலும் நூறாண்டுக்குள் ஒரு பேரரசு காணும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அது கண்டுவிட்டது. பெரிய நாடுகளில் முந்நூறு ஆண்டுகள் இழுக்கும் கதை இங்கே மூன்று தலைமுறையில் முடிந்திருக்கிறது. அதனால்தான் இங்கிருந்து பார்க்கிறேன்.

மேடும் பள்ளமும்

வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, கிழக்கே கடல், மேற்கே பிரான்மலை. செட்டிநாட்டுக்குப் பெரியவர்கள் சொல்லும் எல்லை இது. எல்லையில் இரண்டு ஆறுகள் இருக்கின்றன; உள்ளே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மண்ணைத் தோண்டினால் செம்புறாங்கல். ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்தச் சில வார மழையை ஆண்டு முழுதும் காப்பாற்றுவதுதான் ஊரின் முதல் வேலை. விவசாயத்துக்குக் கண்மாய், குடிநீருக்கு ஊருணி. வீடுகளின் கூரைகூட உள்முகமாகச் சரிந்து முற்றத்தில் நீரை இறக்கும். முற்றத்தின் நான்கு மூலையிலும் செப்பு அண்டாக்களை வைத்து மழைநீர் பிடித்த காலத்தை இன்னும் நினைவு வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த அண்டா ஒன்றில் பத்து வயதுப் பிள்ளை நின்று குளிக்கலாம். செல்வத்தைக் காட்டுவதற்காக அத்தனை பெரிய பாத்திரம் செய்தார்கள் என்று சுற்றுலா வருபவர்கள் நினைக்கிறார்கள். தண்ணீர்ப் பயம் செய்வித்த பாத்திரம் அது.

இப்படிப்பட்ட மண்ணில் பெருகும் பிள்ளைகளுக்கு நிலம் சோறு போடாது. வெளியே போக வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் நகரத்தார் உப்பு வணிகர்கள். கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அந்த வழியில் ஒன்று பழனிக்குப் போயிற்று. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து போகும் மரபு அந்த வணிகத்தோடு வளர்ந்தது.

ஆனால் வறட்சி மட்டுமே ஒருவனைச் செல்வனாக்கும் என்றால் ராமநாதபுரம் சீமை முழுதும் மாளிகையாக நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வறண்ட நிலம் மனிதனை வெளியே தள்ளும்; எங்கே போய்ச் சேர்வது என்பதை அது சொல்லாது. அதற்கு இன்னொரு நிலம் வேண்டும், முதல் நிலத்துக்கு நேர் எதிரான நிலம். இங்கே ஆள் உண்டு, பணமும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, நீர் இல்லை. அங்கே நீரும் மண்ணும் கொட்டிக் கிடக்கின்றன, ஆளும் பணமும் இல்லை. இந்த மேடு பள்ளம் இருக்கும்வரை மனிதரும் பணமும் தானாகப் பாயும். பள்ளம் நிரம்பிவிட்டால் பாய்ச்சல் நின்றுவிடும். நாடுகளின் ஏற்ற இறக்கத்தை நான் இந்த ஒரு கண்ணால்தான் பார்க்கிறேன். இதுவரை அது என்னை ஏமாற்றவில்லை.

நிலம் என்றும் மாறாதது, மக்கள்தான் மாறுகிறார்கள் என்று நினைப்பதும் சரியல்ல. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். எதிரி யாரும் அதை அழிக்கவில்லை. தாமிரபரணி ஆண்டுக்கு ஆண்டு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. நகரத்தார் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் காவிரிப்பூம்பட்டினத்துக்கு நேர்ந்தது இதற்கு நேர் மாறு. அங்கே கடல் உள்ளே வந்தது என்பது மரபு. செட்டிநாட்டு வீடுகள் ஆளுயர மேடையில் நிற்பதற்கு அந்த வெள்ள நினைவுதான் காரணம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மழைக்கு ஏங்கும் ஊரில் வெள்ளத்துக்குப் பயந்து கட்டிய படிகள்!

ஐராவதிப் படுகை

1852இல் நடந்த இரண்டாம் ஆங்கில–பர்மியப் போரோடு கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஐராவதி ஆறு கடலில் கலக்கும் அந்தப் படுகையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. வண்டல் மண், வாய்க்கால் வெட்டாமலே நீர். நெல்லுக்கென்றே படைத்த நிலம் என்று சொல்லலாம். ஆனால் பெரும்பகுதி சதுப்பும் காடும், மலேரியா வேறு. பயிரான நெல்நிலம் அப்போது பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே இருந்த தூரம் சுருங்கியது. அரிசிக்கு விலை வந்தது. பிறகு நடந்ததை உலக விவசாய வரலாற்றின் பெரிய ஓட்டங்களில் ஒன்று என்றே சொல்ல வேண்டும். மேல் பர்மாவின் வறண்ட நடுப்பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாகப் படுகைக்கு இறங்கினார்கள். அந்த வறண்ட நடுப்பகுதியும் ஒருவிதச் செட்டிநாடுதான். ஆந்திரக் கடற்கரையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் கூலிகள் கப்பல் ஏறினார்கள். 1930களில் நெல்நிலம் எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டியது. ஆண்டுக்கு ஏறக்குறைய 30 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்து, உலகிலேயே அதிக அரிசி விற்கும் நாடாகப் பர்மா நின்றது.

காடு திருத்த வருகிறவன் கையில் என்ன இருக்கும்? அரிவாள் இருக்கும். முதல் நல்ல அறுவடைக்குச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை சாப்பாடு, விதை, மாடு, கூலி, வரி. பட்டா இல்லாத நிலத்தை நம்பி, முகம் தெரியாத குடியானவனுக்கு ஆங்கிலேய வங்கி கடன் கொடுக்காது. அந்த இடைவெளியில்தான் செட்டியார் கடை போய் உட்கார்ந்தது. ரங்கூன் மொகல் தெருவில் மட்டுமல்ல, படகு போகும் சின்னச் சின்ன ஊர்களிலும் கடை போட்டார்கள். 1929–30இல் பர்மாவில் வங்கித் தொழிலை விசாரித்த அரசுக் குழு, ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள், 75 கோடி ரூபாய் மூலதனம் என்று மதிப்பிட்டது. அன்றைய 75 கோடி!

தண்ணீருக்கு அண்டா வைத்த ஊர், உலகின் நெற்களஞ்சியத்துக்கு முதல் போட்டிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

அது எப்படி முடிந்தது என்பதில் மக்கள்தொகையின் பங்கு பெரிது. கடையை நடத்தும் ஏஜெண்டு சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று ஆண்டுக்குப் போவார். போகும்போது தனியாகத்தான் போவார். மனைவி மக்கள் ஊரில். மூன்று ஆண்டு முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்து, கொஞ்சகாலம் இருந்துவிட்டு மறுபடி போவார். பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகப் போனவர் அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, கடைசியில் சொந்தக் கடை வைப்பார். மேலே சொன்ன வீட்டு ஆச்சியின் மாமியார் தன் பிள்ளைகளைப் பிறந்த ஆண்டு சொல்லி வரிசைப்படுத்த மாட்டாராம். "மூத்தவன் அவர் முதல் கணக்கு முடித்து வந்தபோது, அடுத்தவள் இரண்டாம் கணக்குக்கு" என்றுதான் சொல்வாராம். ஊரில் வீட்டை, வயலை, வட்டியை, பிள்ளைகள் கல்யாணத்தை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். ஆண்கள் இல்லாத ஊரைப் பெண்கள் தாங்கினார்கள் என்பதைக் கணக்கில் எடுக்காமல் செட்டிநாட்டுச் செல்வத்தைப் பேசவே கூடாது. அவர்கள் உழைப்புக்கு எந்த ஐந்தொகையிலும் பற்றும் இல்லை, வரவும் இல்லை.

ஆக, மனிதர் போய் வந்தார்கள்; வேர் ஊரிலேயே இருந்தது. இதுதான் பலம். பலவீனமும் இதுவே.

பள்ளம் நிரம்பியது

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் படுகையில் எளிதாகத் திருத்தக்கூடிய காடு தீரத் தொடங்கியது. வருகிறவர்களோ நிற்கவில்லை; முன்பு வந்தவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்து அவர்களும் ஏர் பிடிக்கும் வயதுக்கு வந்தார்கள். புதிய நிலம் இருந்தபோது கடன்பட்டு நிலம் இழந்தவன் பத்து மைல் தள்ளிப் போய்ப் புதிதாகத் தொடங்கினான். நிலம் தீர்ந்தபின் இழந்தவன் குத்தகைக்காரன் ஆனான், பிறகு கூலி ஆனான். வட்டி அதே வட்டி, கடைக்காரர் அதே கடைக்காரர். நேற்று காடு திருத்த உதவிய கடன் இன்று கழுத்தை நெரிப்பதாகத் தோன்றியதற்கு, மாறிப்போன நிலத்துக்கும் தலைக்குமான விகிதமே அடிப்படைக் காரணம்.

1930இல் உலகப் பெருமந்தம் வந்து நெல் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. வட்டி கட்ட முடியவில்லை. ஈட்டுக்கு வைத்த நிலங்கள் கடைக்காரர்களிடம் வந்து விழுந்தன. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1938இல் அது 25 சதவீதம். ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். வட்டிக் கடைக்காரருக்கு நிலம் ஒரு லாபமல்ல. அவருடைய பணம் சுழல வேண்டும். நிலமாக உறைந்துவிட்டால் ஊரில் முதல் போட்டவருக்கு என்ன பதில் சொல்வது? இவர்கள் நிலத்தைத் தேடிப் போகவில்லை என்பது உண்மை. தன் தகப்பன் காடு வெட்டித் திருத்திய வயலில், கடல் கடந்து வந்தவரின் குத்தகைக்காரனாக நின்ற பர்மியக் குடியானவனின் கோபமும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாத செட்டிநாட்டு வரலாறு முழு வரலாறு ஆகாது என்பது என் கருத்து. எங்கள் பக்கத்தில் முதல் உண்மையை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம்.

இப்போது தலைக்கணக்கைப் பாருங்கள். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பர்மாவின் மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு கோடியே 46 லட்சம். இந்தியர் பத்து லட்சம் பேர். ரங்கூன் நகரில் மட்டும் பாதிக்கு மேல் இந்தியர். அவர்களுக்குள்ளும் செட்டியார்கள் சில ஆயிரம் பேர்தான், அதுவும் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறுகிற ஆட்கள். அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த இரண்டாம் தலைமுறை அவர்களுக்கு அரிது. கால் பங்கு நிலம் ஒரு பக்கம், கையளவு மனிதர் மறுபக்கம். வாக்குரிமை வரும்வரை, அதாவது துப்பாக்கியும் நீதிமன்றமும் மூன்றாமவனான ஆங்கிலேயன் கையில் இருந்தவரை, இந்தத் தராசு நின்றது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகக் கூலி வேலையைச் சுற்றி எழுந்த கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் உயிரிழந்தார்கள். தராசு ஆடத் தொடங்கிவிட்டதற்கு அதைவிட வேறு அறிகுறி வேண்டுமா?

1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடங்களில் ஒரே நாளில் கதவைத் திறந்தது. அந்த மூன்று ஊர்ப் பெயரையும் சேர்த்து வாசித்தால் அன்றைய செட்டிநாட்டின் வரைபடம் கிடைத்துவிடும். ஐந்தே ஆண்டில் அதில் ஒரு மூலை கிழிந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினார்கள். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. நாலைந்து லட்சம் இந்தியர்கள் கால்நடையாகவும் கப்பலிலும் வெளியேறினார்கள். காட்டு வழியில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. 1962இல் ராணுவ ஆட்சி. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. கடைசியாக வந்தவர்களில் பலர் சென்னை பர்மா பஜாரில் பலகை போட்டுப் பிழைத்தார்கள்.

அப்போதும் எல்லாரும் ஒன்றுபோல் விழவில்லை. பர்மாவின் மோல்மீனில் தொடங்கிய முருகப்பா குடும்பம் போர் வருமுன்பே மூலதனத்தை இந்தியாவுக்குத் திருப்பியது. 1949இல் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்தார். மற்றவர்களுக்கு வீடு மிஞ்சியது. வீட்டைப் பராமரிக்க வருமானம் மிஞ்சவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருக்கும் தூண்களும் நிலைகளும் அந்தக் கணக்கின் மிச்சம்தான்.

வெனிஸ் நகரின் புள்ளிக் கணக்கு

இந்தக் கதை நமக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியின் வெனிஸ் நகரம் உவர்நீர்க் கழிமுகத்தில் நிற்கிறது. விளைநிலம் இல்லை, உப்பும் மீனும்தான் முதல் சரக்கு. உப்பில் தொடங்கிய செட்டிநாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நிலம் தராததைக் கடலில் தேடி, கிழக்கின் மிளகையும் பட்டுத் துணியையும் ஐரோப்பாவுக்கு விற்று, பேரரசுகளுக்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோழிக்கோட்டுக்கு வந்ததும் அதன் மேடு பள்ளம் மாறத் தொடங்கியது. அது நிலத்தின் கணக்கு.

தலைக்கணக்கு இன்னும் சுவையானது. 1297இல் வெனிஸ் தன் பெருமன்றத்தின் கதவைச் சாத்தியது; அதன் பிறகு ஆளும் உரிமை குறிப்பிட்ட குடும்பங்களுக்கு மட்டும். செல்வம் சிதறக்கூடாது என்று அந்தக் குடும்பங்களில் பெரும்பாலும் ஓர் அண்ணனோ தம்பியோ மட்டும் திருமணம் செய்துகொண்டார். பெண்களில் பலர் கன்னியர் மடங்களுக்குப் போனார்கள். 1630–31 கொள்ளைநோயில் நகரத்தின் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் ஏறக்குறைய 2,500 ஆக இருந்த உரிமையுள்ள ஆண்கள், 1797இல் நெப்போலியன் வாசலில் நின்றபோது 1,100 பேர் அளவில்தான் இருந்தார்கள். பதவிகளுக்கு ஆள் போதவில்லை.

நகரத்தார் இந்த இடத்தில் வேறு வழி எடுத்தார்கள். எல்லா மகன்களுக்கும் திருமணம் செய்தார்கள். சமையலைப் பிரித்து மூலதனத்தைப் பிரிக்காமல் வைத்தார்கள். பிள்ளை இல்லாதவர் தன் கோயிலைச் சேர்ந்த இன்னொரு குடும்பத்திலிருந்து பிள்ளை கூட்டிக்கொண்டார். புள்ளி அணையாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. வெனிஸ் வட்டத்தைச் சுருக்கிச் செல்வத்தைக் காத்தது, ஆளை இழந்தது. செட்டிநாடு ஆளைக் காத்தது. அதன் செல்வம் வேறொருவர் மண்ணில் சிக்கிக்கொண்டது.

எண்ணிக்கையைவிட வயது

இன்றைய நாடுகளுக்கு வருவோம். எத்தனை பேர் என்பதைவிட எந்த வயதில் எத்தனை பேர் என்பதே முக்கியம். பிறப்பு குறையத் தொடங்கும் முதல் முப்பது ஆண்டு ஒரு நாட்டுக்குப் பொற்காலம். தூக்கி வளர்க்கக் குழந்தைகள் குறைவு, தாங்கிப் பிடிக்க முதியவர்கள் குறைவு, உழைக்கும் கைகள் அதிகம். ஜப்பான், தென்கொரியா, சீனா வரிசையாக அந்த வாசலில் நுழைந்துதான் உயர்ந்தன. அதே பிறப்புக் குறைவு நீடித்தால் உழைத்த கைகளே முதுமையில் தாங்க வேண்டிய கைகளாகிவிடுகின்றன. 1980 முதல் 2015 வரை ஒரே குழந்தை என்று கட்டுப்படுத்திய சீனாவின் மக்கள்தொகை 2022இல் குறையத் தொடங்கியது. தென்கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை. தலைமுறை அப்படியே தொடர வேண்டுமென்றால் 2.1 வேண்டும்.

சிங்கப்பூர் நமக்கு நெருக்கமான உதாரணம். மார்க்கெட் தெருவின் கிட்டங்கி என்ற கடைக்கூடங்களில் நம் ஊர்க்காரர்கள் பெட்டியை முன்னால் வைத்து, பாயில் உட்கார்ந்து வட்டித் தொழில் செய்தார்கள். டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. அந்தத் தீவில் பெரிய ஆறு இல்லை, வயல் இல்லை. மலாக்கா நீரிணையின் வாயில் உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்றுதான் சொத்து. 1970களில் இரண்டோடு நிறுத்துங்கள் என்று அரசு சொன்னது. 1987இல் முடிந்தால் மூன்று பெறுங்கள் என்று திருப்பிச் சொன்னது. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.97 குழந்தை. குறைக்கச் சொன்னால் மக்கள் கேட்டுவிடுகிறார்கள். கூட்டச் சொன்னால் கேட்பதில்லை. இதுவரை எந்த நாட்டு அரசும் இதற்கு உறுதியான மருந்து கண்டுபிடிக்கவில்லை.

தமிழ்நாடு அந்த வரிசையில் எங்கே நிற்கிறது? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை, பீகாரில் 3. அறுபது வயதைத் தாண்டியவர்கள் 2021 மதிப்பீட்டில் தமிழ்நாட்டில் 13.6 சதவீதம், பீகாரில் 7.7 சதவீதம். பெண்கள் படித்தார்கள், தாய் சேய் நலம் உயர்ந்தது, குடும்பம் சிறிதானது. இதில் வருந்த ஒன்றும் இல்லை. ஆனால் 1976இல் உறையவைத்த மக்களவைத் தொகுதிக் கணக்கு இன்றும் 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையை வைத்தே நிற்கிறது. 2001இல் நீட்டித்த அந்த ஏற்பாட்டுக்கு, 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்புவரைதான் ஆயுள். நம்முடைய 39 இடங்கள் பற்றிய பதற்றம் கட்சி அரசியலில் மட்டும் பிறந்ததல்ல. பொருளில் கனமாகவும் தலையில் குறைவாகவும் இருப்பவர்களுக்கு என்ன நேரும் என்ற கேள்வி அது. பர்மாவில் செல்வத்தை எண்ணிக்கொண்டிருந்து தலையை எண்ணாமல் விட்டவர்களின் ஊரிலிருந்து எழுதுவதால், அந்தப் பதற்றத்தை நான் மிகையென்று ஒதுக்க மாட்டேன்.

தொகுதி எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. மேடும் பள்ளமும் இப்போது நம் பக்கம் திரும்பியிருக்கின்றன. நாம்தான் இப்போது பள்ளம். திருப்பூர்ப் பின்னலாடையிலும் சென்னைக் கட்டடங்களிலும் வடக்கிலிருந்து வந்தவர்கள் இல்லாமல் வேலை ஓடாது. அவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? ஊரோடு சேரவிடாமல், வேலை முடிந்தால் போய்விடும் ஆளாகவே வைத்திருக்கிறோமா? அவர்கள் பிள்ளைகள் இங்கே தமிழ்ப் பள்ளியில் சேர வழி செய்கிறோமா? போய் வருகிற வாழ்க்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பது தமிழ்நாட்டில் வேறு எவரையும்விட எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

சென்ற தை மாதம் அந்தப் பெரிய வீட்டுக்குப் போயிருந்தேன். பங்காளிகள் கூடிப் பேசி, வளவின் கூரையை மட்டும் பழுதுபார்க்கப் பணம் அனுப்பியிருந்தார்கள். ஓடு பிரித்து, உளுத்த கைமரத்தை மாற்றிக்கொண்டிருந்த நான்கு பேரில் மூன்று பேர் பீகார்க்காரர்கள். அவர்கள் தங்குவதற்காக ஆச்சி ஓர் அறையைத் திறந்து கொடுத்திருந்தார். துருப்பிடித்த அந்தப் பூட்டைத்தான் உடைத்திருக்கிறார்கள். உள்ளே சுவரோரம் பாய்கள், ஒரு ஸ்டவ், கொடியில் ஈரத் துண்டுகள். மாடக்குழியில் செல்பேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவர்களில் மூத்தவர் ஓரளவு தமிழ் பேசினார். பத்து மாதம் இங்கே, இரண்டு மாதம் ஊரில். மனைவியும் குழந்தைகளும் அங்கே. சம்பளம் வந்த அன்றே செல்பேசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். ஊரில் நிலம் இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கிறது. இரண்டு பீகா. அண்ணன் தம்பி நாங்கள் நாலு பேர்" என்றார்.